எபிசோட் 41: மிலனில் பிறந்து, பழனி ரோட்டில் ஓடும் லாம்ப்ரெட்டா

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் திருத்தியது)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "பழைய இத்தாலி பைக் வெச்சிருக்கிறவங்க ஏன் அதை விடவே மாட்டேங்கறாங்க? நம்ம பக்கம் யாராவது டுகாட்டி, மோட்டோ குட்ஸி எல்லாம் அந்தக் காலத்துல வெச்சிருந்தாங்களா?"

நம்ம பக்கம்னா எனக்குத் திண்டுக்கல்தான். 1960, 70-கள்ல திண்டுக்கல்ல டுகாட்டி பார்த்தேன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். அன்னிக்கு வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்யறது சாதாரண ஆளுக்கு நடக்கிற காரியமே இல்ல. ஆனா இத்தாலி வண்டி நம்ம ஊர்ல இருந்தது. தெருவுக்குத் தெரு இருந்தது. அது பைக்கா வரல, ஸ்கூட்டரா வந்தது. வாத்தியார் ஓட்டினாரு, எல்.ஐ.சி. ஏஜென்ட் ஓட்டினாரு. ஓட்டினவங்கள்ல பாதிப் பேருக்கு அது இத்தாலின்னே தெரியாது. அதனால இந்த எபிசோட் அந்த ஸ்கூட்டரைப் பத்தி. குறிப்பா லாம்ப்ரெட்டா. அதுல எங்க மாமா வண்டியும் வரும், முன்கூட்டியே சொல்லிடறேன்.

முதல்ல இத்தாலிக்குப் போவோம். இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச நேரம். பியாஜியோ கம்பெனி போர் விமானம் செஞ்சுக்கிட்டு இருந்தது, பொன்டெடெராவுல இருந்த அவங்க தொழிற்சாலை குண்டு விழுந்து நாசமாகிடுச்சு. இனி விமானமும் விக்காது. மக்களுக்கு மலிவா ஒரு வண்டி வேணும். அந்த வேலையை கொர்ராதினோ டாஸ்கானியோன்னு ஒரு விமானப் பொறியாளர்கிட்ட கொடுக்கறாங்க. ஹெலிகாப்டர் வடிவமைச்சவர் அவர், மோட்டார் சைக்கிளே பிடிக்காது அவருக்கு. செயின் அழுக்கு பேண்ட்ல ஒட்டுது, டயர் பஞ்சரானா கழட்ட முடியல, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியிருக்கு. இந்தக் குறைகளை ஒவ்வொண்ணா தீர்த்துக்கிட்டே வந்தாரு, கடைசியில கெடச்சது வெஸ்பா. 1946. ஃப்ரேம்னு தனியா ஒண்ணு கிடையாது, தகடே உடம்பு, விமானம் மாதிரி. முன்சக்கரத்தை ஒரே பக்கம் பிடிக்கிற ஃபோர்க்கும் விமானத்தோட தரையிறங்கு சக்கரத்துல இருந்து வந்ததுதான்.

அடுத்த வருஷமே, 1947-ல, போட்டிக்கு லாம்ப்ரெட்டா வருது. மிலன் நகரத்துல லாம்ப்ராத்தேங்கற பகுதி, பக்கத்துல லாம்ப்ரோ ஆறு. அங்கதான் ஃபெர்டினாண்டோ இன்னொசென்டியோட தொழிற்சாலை. அவர் இரும்புக் குழாய் வியாபாரி. அதனால அவர் ஸ்கூட்டருக்கு முதுகெலும்பு குழாய். வெஸ்பாவுல எஞ்சின் வலது பக்கம் ஒதுங்கி உட்காரும், வண்டி லேசா அந்தப் பக்கம் இழுக்கும். லாம்ப்ரெட்டாவுல எஞ்சின் நடுவுல. ஓட்டினவங்களுக்கு இந்த வித்தியாசம் இடுப்புல தெரியும்னு மாமா சொல்வாரு.

இப்ப நம்ம கதை. 1949-ல பம்பாய்ல ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமா ஏ.பி.ஐ., தொடங்குது. ஆரம்பிச்சது பிரிட்டனோட ரூட்ஸ் குழுமம். பிற்பாடு அதை வாங்கினது நம்ம ஊர்க்காரர், எம்.ஏ.சிதம்பரம். ஆமா, சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு யார் பேரு இருக்கோ அவரேதான். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரோட மகன். கிரிக்கெட் பார்க்கப் போறவங்களுக்கு அவர் பேரு ஒரு மைதானம். ஆனா ஒரு தலைமுறைக்கு ஸ்கூட்டர் கொடுத்தவரும் அவர்தான்னு எனக்கே போன வருஷம்தான் தெரியும். 70-கள்ல ஏ.பி.ஐ. விட்ட 175 சிசி மாடலுக்குப் பேரு மேக் 175. எம்.ஏ.சி. அவரோட இனிஷியல்தான்.

ஆரம்பத்துல பாகம் பாகமா கப்பல்ல வந்து இங்க பூட்டினாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளூர்லயே செய்ய ஆரம்பிச்சாங்க. அதுல முக்கியமானது எல்.ஐ. 150, இரண்டாம் சீரிஸ். முதல் சீரிஸ்ல ஹெட்லைட் முன்தகட்டுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், நீங்க திரும்பினாலும் வெளிச்சம் நேராத்தான் போகும். இரண்டாம் சீரிஸ்ல ஹெட்லைட் ஹேண்டில்பாருக்கு ஏறிடுச்சு. இத்தாலியில அந்த மாடல் ரெண்டு மூணு வருஷத்துல போயிடுச்சு, அடுத்தடுத்த சீரிஸ் வந்தது. இங்க? அதே உருவத்தை வருஷக்கணக்கா செஞ்சாங்க. லைசென்ஸ் ராஜ் காலம். எத்தனை வண்டி செய்யலாம்னு அரசாங்கம் சொல்லும். போட்டி கிடையாது, புது மாடல் கொண்டுவர அவசரமும் கிடையாது.

வெஸ்பா பக்கமும் இதே கதைதான். பஜாஜ் 1961-ல இருந்து வெஸ்பா 150 செஞ்சாங்க, 1971-ல பியாஜியோவோட ஒப்பந்தம் முடிஞ்சது, 1972-ல சேத்தக். பேரு மாறிச்சு, உடம்பு கிட்டத்தட்ட அதேதான். சேத்தக் புக் பண்ணிட்டுப் பத்து வருஷம் காத்திருந்த குடும்பம் எல்லாம் உண்டு. பொண்ணு பொறந்தப்ப புக் பண்ணினா கல்யாணத்துக்கு வந்துடும்னு எங்க வீட்ல கிண்டல் பண்ணுவாங்க.

அப்ப இத்தாலியில என்ன நடக்குது? மக்கள் கையில காசு வந்துடுச்சு. 1957-ல ஃபியட் 500 வந்தாச்சு. மழையில நனையாம போக குட்டிக் கார் இருக்கும்போது ஸ்கூட்டர் யாருக்கு வேணும்? 1971-ல இன்னொசென்டி லாம்ப்ரெட்டா செய்யறதை நிறுத்திடுச்சு. 1972-ல இந்திய அரசாங்கம் லக்னோவுல ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, அந்த மிலன் தொழிற்சாலையோட இயந்திரம், வரைபடம், வர்த்தகப் பேரு எல்லாத்தையும் வாங்கிடுச்சு.

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். மென்பொருள் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒரு கம்பெனி மூடறப்போ அவங்க சோர்ஸ் கோட், சர்வர், டொமைன் பேரு மூணையும் வாங்கின மாதிரி. லக்னோவுல 1975-ல உற்பத்தி ஆரம்பிச்சது. உள்நாட்டுக்கு விஜய் சூப்பர், ஏற்றுமதிக்கு லாம்ப்ரெட்டா ஜி.பி. இங்கிலாந்துல லாம்ப்ரெட்டா பைத்தியம் பிடிச்ச பசங்க லக்னோவுல செஞ்ச வண்டியை வாங்கி ஓட்டினாங்க. பேரோட உரிமை லக்னோவுக்குப் போயிட்டதால ஏ.பி.ஐ. தன் வண்டிக்கு லாம்பின்னு பேரு மாத்த வேண்டியதாச்சு. ஒரே அம்மாவுக்குப் பொறந்த ரெண்டு பிள்ளைகள், ஒருத்தருக்குத்தான் குடும்பப் பேரு. சொத்துத் தகராறு மாதிரி.

1984, 85-ல டிவிஎஸ்-சுசூகி, ஹீரோ ஹோண்டா எல்லாம் வந்ததும் ஆட்டம் மாறிடுச்சு. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் ஓடற வண்டி முன்னாடி புகை விடற ஸ்கூட்டர் எங்க நிக்கும்? ஸ்கூட்டர்ஸ் இந்தியா 1997-ல ஸ்கூட்டரை நிறுத்திட்டு விக்ரம் மூணு சக்கர வண்டியோட நின்னுக்கிச்சு. 2021-ல அந்தக் கம்பெனியையே மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சரி, மாமா வண்டிக்கு வர்றேன். அம்மாவோட அண்ணன், திண்டுக்கல்ல ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1971 மாடல் ஏ.பி.ஐ. லாம்ப்ரெட்டா, இரண்டாவது கையா வாங்கினது. எண் பலகையில டிஎன் 57 இல்ல. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதே 1985-ல, அதனால வண்டியோட நம்பர் பழைய மதுரை மாவட்ட நம்பர்.

இதை ஓட்டறது எப்படின்னு சொல்றேன், அப்பதான் அந்த ஈர்ப்பு புரியும். முதல்ல பெட்ரோல்ல ஆயில் கலக்கணும். மாமா கணக்கு லிட்டருக்கு 40 மில்லி. சீட்டுக்குக் கீழ பெட்ரோல் குழாயைத் திறக்கணும், சோக்கை இழுக்கணும், உதைக்கணும். ஸ்டார்ட் ஆகலைன்னா பிளக்கைக் கழட்டி எமரித்தாள்ல தேய்க்கணும். இடது கைப்பிடியைத் திருகினா கியர். இருந்தாலும் சக்தின்னு பார்த்தா ஏழு குதிரைக்கும் குறைவு. மின்சாரம் 6 வோல்ட், அதுவும் நேரா எஞ்சின்ல இருந்து. எஞ்சின் வேகமா சுத்தினாத்தான் ஹெட்லைட் எரியும். ராத்திரி ஒட்டன்சத்திரத்துல இருந்து திரும்பும்போது பள்ளம் இருக்கான்னு பார்க்க ஆக்ஸிலரேட்டரைத் திருகணும். திருகினா வேகமா பள்ளத்துக்குள்ளயே போயிடுவோம். இதை மாமா சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாரு. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போறவங்க ரோட்டோரமா நடக்கிற நாள்ல மட்டும் ராத்திரி வண்டியை எடுக்கவே மாட்டாரு.

என் கையில இருக்கிற ஸ்கூட்டர் பட்டனைத் தட்டினா ஓடுது. கெட்டுப்போனா கம்ப்யூட்டர்ல செருகிப் பார்க்கறாங்க. லாம்ப்ரெட்டா கெட்டுப்போனா எங்க கெட்டுச்சுன்னு நம்ம காதுக்கே தெரியும். பாகம் கிடைக்கலைன்னா லேத் பட்டறை இருக்கு. ஹேண்டில் பூட்டுச் சாவி தொலைஞ்சப்போ, நம்ம ஊர்ல வேற எதுக்குக் கவலைப்பட்டாலும் இதுக்கா கவலைப்படணும்? பூட்டுப் பட்டறைக்காரர் ஒருத்தர் அரத்தால ராவி ராவி ஒரு பித்தளைச் சாவி செஞ்சு கொடுத்தாரு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. இத்தாலிப் பூட்டுக்குத் திண்டுக்கல் சாவி போட்டதுக்குத் தனியா ஒண்ணு கொடுக்கலாம்.

அழகுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா பொய். இது ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், புகையில எரியாத ஆயில் போகும். பின்னாடி வர்றவருக்கு அது சுகமான வாசனை கிடையாது. பிரேக் இருக்குன்னு நம்பி ஓட்டினா ஆஸ்பத்திரிதான். அம்மா ஒருநாளும் இதுல ஏற மாட்டாங்க.

போன வருஷம் மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன். 74 வயசு. உதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியாது. அந்தச் சமயம் பழைய ஸ்கூட்டர் வாங்கி விக்கிற ஒருத்தர் வந்தாரு. நல்ல விலைதான் சொன்னாரு. ரெண்டு கலர்ல பெயின்ட் அடிச்சு, பளபளன்னு ஆக்கி, வெளிநாட்டுக்கு அனுப்புவாங்களாம். இப்படி நம்ம ஊர்ல இருந்து நிறைய வண்டி போயிருக்கு. மேல பெயின்ட்டு, உள்ள துரு, அங்கங்க புட்டி. வாங்கின வெள்ளைக்காரங்க திட்டறதும் பிரபலம்.

மாமா என்கிட்ட, "மாப்ள, நீ வெச்சுக்கறதா இருந்தா வெச்சுக்க. இல்லேன்னா குடுத்துடலாம். நிறுத்தி வெச்சு துருப்பிடிக்க விடறது மட்டும் வேணாம்"னாரு.

நான் வழக்கம்போல இணையத்துல உட்கார்ந்து விதியைப் படிச்சேன். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தாங்க. 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்துலேயே இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 'விஏ'ன்னு தனி எழுத்து போட்ட நம்பர் பலகை, 10 வருஷம் செல்லும். 1971 மாடல், தகுதி இருக்கு. எனக்கு ஒரே சந்தோஷம். விண்டேஜ் நம்பர், கெத்தா இருக்கும்.

அப்புறம் அடுத்த வரியைப் படிச்சேன். விண்டேஜா பதிஞ்ச வண்டியை ரோட்ல தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி, அதோட பெட்ரோல் போட, பழுது பார்க்க. அவ்வளவுதான்.

மாமாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "டீக்கடைக்குப் போகக் கூடாதா?"ன்னாரு.

கூடாது மாமா.

"அப்ப அது வண்டி இல்ல மாப்ள. பொம்மை."

இன்னொரு வழி சாதாரணப் பதிவையே புதுப்பிக்கறது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, வண்டியை நேர்ல கொண்டுபோய்க் காட்டணும். 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின டூவீலருக்குக் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கினாங்க, அதோட பசுமை வரி. பழசானா நீங்களே விட்டுடுங்கன்னு சொல்ற கட்டணம்தான் அது. அதுல நியாயமும் இருக்கு, இந்தப் புகையை நான் ஆதரிச்சுப் பேச முடியாது. ஆனா மாசத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடற ஒரு வண்டி.

மூணு வாரம் சனி, ஞாயிறு வேலை. பிரேக் லைனிங் புதுசு, கேபிள் நாலும் புதுசு, ஹாரன் மட்டும் கடைசி நாள் வரைக்கும் அழுதுக்கிட்டே இருந்தது. பிளக், கார்புரேட்டர் எல்லாம் மாமா நாற்காலியில உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் கழட்டினேன். பொறியியல் பட்டம் வாங்கினவன்னு பேரு, நாலாவது ஸ்பேனர் எதுன்னு அவர்தான் சொன்னாரு. காட்டற அன்னிக்கு ரெண்டாவது உதையிலேயே ஸ்டார்ட் ஆச்சு.

புதுப்பிச்ச ஆர்.சி. கைக்கு வந்தாச்சு. இன்னும் அஞ்சு வருஷம். தேதியைப் பார்த்துட்டு மாமா, "அப்ப எனக்கு 79"ன்னாரு. அப்புறம் பின் சீட்ல ஏறி உட்கார்ந்தாரு. பக்கவாட்டுல, மாமி உட்கார்ற மாதிரி, கால் மடங்காததால. டீக்கடைக்குப் போனோம்.

அடுத்த எபிசோட் கைனடிக் லூனா. அதுவும் இத்தாலிதான், பியாஜியோவோட சாவ் மொபெட்ல இருந்து வந்தது. வீட்ல லூனா இருந்தவங்க குரல் பதிவு அனுப்புங்க.