குருந்தத் தூளும் கடைசல் எந்திரமும்

காயல்பட்டினம் என்றால் முத்தும் ரத்தினக்கல்லும் நினைவுக்கு வரும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் (அது இன்றைய காயல்பட்டினமா, பக்கத்திலுள்ள பழையகாயலா என்ற சண்டை தனிக்கதை!). பிற்காலத்தில் காயல்காரர்கள் பலர் இலங்கைக்குப் போய் ரத்தினக்கல் வியாபாரத்தில் பேர் வாங்கினார்கள். வியாபாரத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. முத்தையும் கல்லையும் விலைபோகும் சரக்காக்கிய சின்னக் கருவிகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

முத்தில் துளையிட வில்தான் மோட்டார். மூன்று கால் வைத்த மரக்கட்டையின் குழியில் முத்தைப் பதித்து, ஊசி முனையை அதன்மேல் வைத்து இடது கையால் அழுத்தி, வலது கையால் வில்லை இழுப்பார்கள். அவ்வப்போது சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு விடுவார்கள். சூடும் தணியும், தூளும் பறக்காது.

கல் பட்டை தீட்ட இலங்கையில் இருந்த கருவிக்குப் பெயர் ஹனபொருவ. படுக்கையான அச்சு, அதன் முனையில் ஓர் உலோகத் தட்டு, அச்சைச் சுற்ற ஒரு வில். வீட்டுத் திண்ணையில் வைத்து வேலை செய்யக்கூடிய குட்டிக் கடைசல் எந்திரம் என்றே சொல்லலாம். ஈயம், செம்பு போன்ற மெத்தென்ற உலோகத்தில் தட்டு செய்ததற்குக் காரணம் உண்டு. கடினமான தூள் மெத்தென்ற உலோகத்தில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். பதிந்த தூள் எதிரே வரும் கடினமான பொருளை அரிக்கும்.

அந்தத் தூள்தான் குருந்தம். சேலம், நாமக்கல் பக்கம் கிடைக்கும் இந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கோரண்டம்' என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது! 1798ல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1891ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் புதிதாக ஒரு சாணைப் பொருளைக் கண்டுபிடித்து, அதில் கரியும் கோரண்டமும் கலந்திருப்பதாகத் தப்பாக நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். 1954ல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி வழியாக அந்தச் சொல் சுற்றி ஊருக்கே திரும்பி வந்துவிட்டது.

இப்போது வீட்டுப் பட்டறைகளில் இருக்கும் சிறிய லேத்துக்கு வருவோம். ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் அமைத்த துல்லியமான கடைசல் எந்திரத்தின் வாரிசு இது. இதில் உப்புத்தாள் போட்டு மெருகேற்றினாலோ, டூல் போஸ்ட்டில் சாணைச் சக்கரம் கட்டினாலோ ஹனபொருவவில் நடந்த அதே காரியம் எந்திரத்துக்குள்ளேயே நடக்கும். தூள் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகி, வெண்கல நட்டில் பதிந்து லீட் ஸ்க்ரூவை அரிக்கும். பெட்டையும் விடாது. வில் கருவியில் மரத்தாங்கி தேய்ந்தால் வேறு கட்டை சீவிக்கொள்ளலாம். லேத்தின் பெட் தேய்ந்தால் திரும்பச் சாணை பிடிக்க ஆகும் செலவு சில சமயம் லேத்தின் விலைக்கே வந்து நிற்கும். வணிகவியலில் தேய்மானம் என்பது ஏட்டில் எழுதுவது. இங்கே அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

ஆகவே வேலைக்கு முன்பு பெட்டைத் தாளாலோ மெல்லிய தகட்டாலோ மூட வேண்டும். துணி கூடவே கூடாது, சுற்றும் சக்கில் மாட்டிக் கையையும் இழுத்துவிடும். உப்புத்தாளை விரலில் சுற்றிப் பிடிப்பதும் அதே ஆபத்துதான். சாணை பிடிக்கும் இடத்தருகே வாக்குவம் குழாய் வைத்தால் பாதித் தொல்லை தீரும். முடிந்தபின் காற்றடித்துச் சுத்தம் செய்யப் பலருக்கும் கை வரும், ஆனால் காற்று தூளை இன்னும் உள்ளே தள்ளிவிடும். பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போடுவதே சரி. இத்தனை தொல்லை வேண்டாம் என்றுதான் சிலர் ஏற்கெனவே தேய்ந்த பழைய லேத் ஒன்றைச் சாணை வேலைக்கென்றே தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள்.