டப்ளின் ஒண்டுக்குடித்தனங்களும் அவற்றின் பிள்ளைகளும்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், லிஃபி ஆற்றின் வடபுறத்தே ஹென்றியேட்டா தெரு என்றொரு சிறு தெரு உண்டு. 1720களில் லூக் கார்டினர் என்னும் செல்வர் அதனை அமைக்கத் தொடங்கியபோது, பிரபுக்களும் பேராயர்களும் வாழ்வதற்கென்றே அங்கு மாளிகைகள் எழுந்தன. 1801இல் ஒன்றிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அயர்லாந்தின் நாடாளுமன்றம் மறைந்தது. பிரபுக்கள் இலண்டனை நோக்கிப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகள் காலப்போக்கில் அறை அறையாகக் கூறுபோடப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. பதினான்காம் எண் வீட்டின் பெரும்படிக்கட்டு 1877இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. அது நின்ற இடத்திலும் குடித்தனங்கள் ஏறின. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவ்வொரு வீட்டில் மட்டும் 100 பேர் இருந்தனர். தெருவின் 15 வீடுகளிலுமாக 835 பேர். ஒண்டுக்குடித்தனம் என்னும் தமிழ்ச்சொல் இவ்வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது.

இதன் கொடுமையை அரசு ஆவணங்கள் மறைக்கவில்லை. 1913 செப்டம்பர் 2ஆம் நாள் சர்ச் தெருவில் அடுத்தடுத்து நின்ற இரு வீடுகள் சரிந்து எழுவர் மாண்டனர். உடன்பிறந்தோர் சிலரை வெளியே கொணர்ந்து சேர்த்துவிட்டு, எஞ்சிய தங்கையைத் தூக்கிவர மறுபடியும் உள்ளே ஓடிய பதினேழு வயது இளைஞனும் அவர்களுள் ஒருவன். அதன்பின் அமைந்த விசாரணைக் குழு, ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இத்தகைய வீடுகளில் வாழ்வதையும், அவற்றுள் 20,000 குடும்பங்களுக்கு ஓர் அறையே வீடென்பதையும் பதிவு செய்தது. ஜான் குக் என்பவர் அளித்த புகைப்படங்கள் 1914இல் வெளிவந்த அறிக்கையில் இடம்பெற்றன. செருப்பில்லாத கால்களோடு பிள்ளைகள் அவற்றில் நிற்கின்றனர். கொல்லையில் ஒரே குழாய், வீட்டார் அனைவர்க்கும் ஒன்றிரண்டு கழிப்பிடங்கள், அவற்றோடு காசநோய்.

அப்பிள்ளைகளின் தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும் முதுமை எய்தியபின் கூறியவை வேறு வகையின. கெவின் கேர்ன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் முதியோர் பலரைக் கண்டு உரையாடி, டப்ளின் ஒண்டுக்குடித்தன வாழ்க்கை பற்றிய வாய்மொழி வரலாற்று நூலொன்றை 1994இல் வெளியிட்டார். அறிக்கையைப் படித்த கையோடு இந்நூலைப் படிப்பவர், இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவையா என மயங்கக்கூடும். அம்முதியோர் பசியை மறுக்கவில்லை, குளிரை மறுக்கவில்லை. ஆயினும் அந்நாள்களை எண்ணி ஏங்கினர்.

அவர்கள் நினைவில் நின்றவை யாவை? தெருக்கதவு இரவிலும் தாழிடப்படாமல் கிடந்தது. பேறுகாலத்தில் கைராசிக்காரியான ஒரு மூதாட்டி அடுத்த அறையிலிருந்தே வந்துவிடுவாள். உயிர் பிரிந்த வீட்டில் உடலைக் கழுவிக் கிடத்துபவளும் பெரும்பாலும் அவளே. சாவு வீட்டில் இரவெல்லாம் அண்டை அயலார் விழித்திருந்து தேநீரும் புகையிலையும் கதையுமாகப் பொழுதைக் கழிப்பர். தந்தையின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு திங்கட்கிழமை அடகுக்கடை புகும்; சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் மீண்டு, மறுநாள் திருப்பலிக்குச் சென்று, திங்களன்று பழையபடி அடகுக்கடையைச் சேரும். மூட்டையைத் தூக்கிச் செல்லும் வேலை பல வேளைகளில் பிள்ளைகளுடையது.

அறைக்குள் இடமின்மையால் தெருவே அவர்களுக்கு முற்றமாயிற்று. விளக்குக் கம்பத்தில் கயிறு கட்டி ஊஞ்சலாடினர். காலியான பாலிஷ் டப்பாவைச் சில்லாக்கிக் கல்தளத்தில் கட்டம் வரைந்து ஆடினர். பாண்டி ஆட்டம் அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சிறுமியர் கயிறு தாண்டும்போது பாடிய பாடல்களில் ஊர்ச்செய்தி, போர், காதல், கேலி எல்லாம் கலந்து வந்தன. இன்னார் இயற்றியது என்று சொல்ல முடியாத அப்பாடல்கள், ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குப் போகும்போதே சொல் மாறின. லெஸ்லி டைக்கன் 1963இலும், எய்லீஷ் பிரேடி 1975இலும் அவற்றைத் தொகுத்தனர். ஆடல் நின்றால் பாடலும் நின்றுவிடும் ஆதலின், இத்தொகுப்புகள் உரிய காலத்தில் நிகழ்ந்தன என்றே கொள்ளவேண்டும். ஆற்றின் தென்புறத்து லிபர்ட்டீஸ் பகுதியில், கின்னஸ் குடும்பத்தின் கொடையால் எழுந்து 1915இல் திறக்கப்பெற்ற விளையாட்டு மன்றத்தைப் பிள்ளைகள் ‘பேனோ’ என்றழைத்தனர். அங்கு ஆடியவர்க்கு ஒரு ரொட்டியும் கோக்கோவும் உண்டு. எத்தனையோ ஆண்டுகள் கழிந்தபின்னும் முதியவர்கள் அந்த ரொட்டியை மறக்கவில்லை.

இந்நினைவுகளைப் பொய்யெனத் தள்ளுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அவற்றை அப்படியே ஏற்பதும் அத்தகையதே. நினைவுகூர்ந்தோர் அனைவரும் பிழைத்திருந்தவர்கள். தொட்டிலிலேயே மறைந்த குழந்தைகளுக்கு நினைவு என்று ஒன்றில்லை. அன்றியும் பிள்ளை கண்டது தன் கைக்கு வந்த ரொட்டித் துண்டை. அதற்காகத் தாய் உண்ணாதிருந்ததை அது பின்னரே உணர்ந்தது. 1880இல் டப்ளினில் பிறந்து இவ்வாழ்க்கையை மேடையேற்றிய ஷான் ஓகேஸியிடம் ஏக்கம் மிகக் குறைவு. 1926இல் அரங்கேறிய அவருடைய ‘கலப்பையும் விண்மீன்களும்’ நாடகத்தில் பெஸ்ஸி பர்ஜெஸ் என்னும் பெண் அண்டையாரை ஓயாது ஏசுகிறாள். சித்தம் கலங்கிய அடுத்த வீட்டுப் பெண்ணைக் கண்ணுறங்காது பேணுபவளும், அவளைச் சன்னலருகிலிருந்து இழுக்கையில் குண்டடிபட்டு வீழ்பவளும் அவளே. வசையும் பரிவும் ஒரே வாயிலிருந்து வரும் அவ்வுலகை ஏக்கப் பேச்சுகளைவிட இந்நாடகமே செம்மையாகக் காட்டுகிறது.

பின்னர் வீடுகள் வந்தன. 1920களில் மரீனோவிலும், 1930களில் கிரம்லினிலும் கேப்ராவிலும் தனித்தனி வீடுகள் எழுந்தன. 1932 முதல் 1948 வரை மாநகராட்சியின் வீட்டுவசதிக் கட்டடக் கலைஞராக விளங்கிய ஹெர்பர்ட் சிம்ஸ் காலத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 வீடுகள் உருவாயின. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், தனிக் கழிப்பிடம். ஆயினும் பெண்கள் பலர் அங்குச் சென்று அழுதனர். பாட்டி பழைய தெருவிலேயே தங்கிவிட்டாள். கடன் சொல்லிப் பொருள் வாங்கும் மூலைக்கடை அங்கில்லை. பணியிடத்திற்குப் பேருந்துக் கட்டணம் தேவைப்பட்டது. நகர நடுவே ரஸ்ஸல் தெருவில் வளர்ந்த பிரெண்டன் பீஹன், தம் பதினான்காம் வயதில், 1937இல், குடும்பத்தோடு கிரம்லின் சேர்ந்தார். இந்தக் குடிபெயர்ச்சியை 1952இல் வானொலி நாடகமாக எழுதிச் சிரிக்கவைத்தார். தாயும் தந்தையும் ஒத்துப்போகாத அச்சிரிப்பின் அடியில் இழப்பு தெரிகிறது.

பழைய வீடுகள் அத்தோடு ஒழியவில்லை. 1963 ஜூன் மாதத்தில் போல்ட்டன் தெருவிலும் ஃபீனியன் தெருவிலும் வீடுகள் இடிந்து நால்வர் இறந்தனர், இருவர் சிறுமியர். அதன்பின் குடிகள் விரைந்து வெளியேற்றப்பட்டனர். 1960களின் பிற்பகுதியில் பாலிமன்னில் ஏழு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. 1916ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட எழுவர் பெயர்களும் அவற்றுக்கு இடப்பட்டன. 2004 தொடங்கி 2015க்குள் அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. அவற்றில் வளர்ந்தோரும் இப்போது ஏக்கத்தோடு பேசுகின்றனர்.

ஹென்றியேட்டா தெருவின் பதினான்காம் எண் வீட்டிலிருந்து கடைசிக் குடிகள் 1970களின் இறுதியில் வெளியேறினர். 2018இல் அவ்வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களிடமும் அவர்தம் மக்களிடமும் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்தபின்பே அறைகள் ஒழுங்கு செய்யப்பட்டன. பிரபுக்கள் காலத்துச் சுதை வேலைப்பாடுகளோடு, ஒண்டுக்குடித்தனக் காலத்துச் சுவர்களையும் அழியாது காத்துள்ளனர். நடையின் சுவரில் இருவகைப் பூச்சுகள் தெரிகின்றன: கீழே காவிச் சிவப்பு, மேலே, துணிகளை வெளுக்கப் பயன்படும் நீலம்.