சுண்ணாம்பாறும் அவலாஞ்சியும்: ஆற்றுநீரின் வெப்பநிலையும் மீன் பரவலும்

முன்னுரை

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்குகையில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரு கிளைகளாகப் பிரிகிறது. சுண்ணாம்பாற்றுக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் தவளக்குப்பம். குன்றுகளிடையே பிறந்தாலும் இவ்வாறு குளிர்நீர் மீன்களுக்கு உரியதன்று. அதற்கான காரணத்தை நீலகிரியின் மீன்வள வரலாற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆவணங்களில் புதுச்சேரி மீன்கள்

1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ, இங்குச் சேகரித்த மீன்களைப் பாரிசுக்கு அனுப்பினார். குவியேயும் வாலென்சியென்னும் 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக வெளியிட்ட மீன் நூலில் அவர் அனுப்பியவை இடம்பெற்றன. ஆயினும் பல விவரிப்புகளில் கிடைத்த இடமாகப் புதுச்சேரி என்ற ஊர்ப்பெயரே காணப்படுகிறது. வகைப்பாட்டுக்கு அது போதுமானது. ஆற்றின் எப்பகுதியில் எம்மீன் வாழ்ந்தது என்பதை அறிய அது போதாது.

நீலகிரிச் சோதனை

வெப்பநிலையின் ஆற்றலைத் தெளிவாகக் காட்டியது டிரவுட் மீன். 1860களில் பிரான்சிஸ் டே அதனை நீலகிரியில் குடியேற்ற மேற்கொண்ட முயற்சி தோல்வியுற்றது. பின்னர் எச்.சி. வில்சன் முயற்சியால், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து வானவில் டிரவுட் நிலைபெற்றது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் ஓடைநீர் குளிர்ந்திருப்பதே இதற்கு அடிப்படை. நீர் 25 பாகை செல்சியசை நெருங்கினால் இம்மீன் உயிர்வாழ்வது அரிது. எனவே சமவெளி நோக்கி இறங்கும் ஆற்றில் வேலியின்றியே அதற்கு ஓர் எல்லை அமைந்துவிடுகிறது.

வெப்பநீரின் குடிகள்

10 பாகை நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கவல்லது. 30 பாகையில் அந்த அளவு ஏழரையாகக் குறைகிறது. இக்குறைவைத் தாங்கும் விரால், பனையேறிக் கெண்டை ஆகியன காற்றையும் சுவாசிப்பவை. தரங்கம்பாடியில் பனையேறி பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வெளிவந்தது. மரமேறும் வியப்பே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. காற்றைச் சுவாசிக்கும் திறனே அதன் வாழ்வின் திறவுகோல்.

கழிமுகத்தில் வெப்பத்தோடு உப்பும் சேர்ந்து எல்லை வகுக்கிறது. மடவை, கொடுவா போன்றவை உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கி அங்கு வாழவல்லவை. ஆகவே வெப்பநிலையை ஒரே காரணமாகக் கொள்வது பொருந்தாது. நீரின் விசை, உப்பு, ஆக்சிஜன் ஆகியவற்றோடு இணைத்தே அதனை நோக்க வேண்டும்.

முடிவுரை

நீர் வெப்பமடையும்போது உயர்மலை ஆற்றின் மீன்களுக்கு மேலே ஏறிச் செல்லச் சிறிதளவேனும் வழியுண்டு. சங்கராபரணிக்கு அத்தகைய குளிர்ந்த மேல்நிலம் இல்லை. இடையே வீடூர் அணையும் நிற்கிறது. ஆதலின் தவளக்குப்பத்தருகே பிடிபடும் மீனின் பெயரோடு இடம், பருவம், நீரின் வெப்பம் ஆகியவற்றையும் பதிவு செய்வது இன்றியமையாதது. இரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய சேகரிப்புகள் விட்டுச்சென்ற வெற்றிடம் அவ்வாறே நிரம்பும்.