அரிட்டம்

கண்டியின் ஆயுர்வேத மருந்துக் கடைகளில் கரும்பழுப்புப் போத்தல்களில் நிற்பது அரிட்டம் என்னும் நொதித்த மருந்து, சிங்களத்தில் அரிஷ்ட. மூலம் சமஸ்கிருதம். 'ரிஷ்ட' என்றால் கேடுற்றது. முன்னால் 'அ' சேர்ந்தால் கெடாதது. வேடிக்கை என்னவென்றால், இதே சொல் வைத்திய நூல்களில் சாவின் அறிகுறியையும் குறிக்கும்; குழந்தைப் பருவ ஆபத்தைச் சொல்லும் சோதிடத்தின் பாலாரிஷ்டமும் இதன் உறவுதான்.

கஷாயம் வைத்த மறுநாளே புளிக்கத் தொடங்கிவிடும். அதே கஷாயத்தில் வெல்லமோ தேனோ கலந்து, காட்டாத்திப் பூவிட்டு (சிங்களத்தில் மலித்த) மூடிவைத்தால் நொதித்துச் சாராயச் சத்து தானே ஊறும்; கெடாமல் காப்பது அதுதான். இப்படி உருவாவதே அரிட்டம். மேனாட்டு மருந்தான டிங்சருக்கோ சாராயத்தை வெளியிலிருந்து ஊற்ற வேண்டும். காய்ச்சாமல் நொதிக்கவிட்டால் ஆசவம்.

பக்குவம் பார்க்க எரியும் குச்சியைப் பாத்திர வாயில் காட்டுவார்கள். அணைந்தால் கரியமிலவாயு இன்னும் கிளம்புகிறது, நொதிப்பு முடியவில்லை என்று பொருள். அவசரப்பட்டு அடைத்தால் மூடி தெறிக்கும். காற்றுப் பட்டுக் காடியானால் அது அரிட்டமே அல்ல. நன்றாக முடிந்ததோ பழசாகப் பழசாக மேலானது என்கிறது சார்ங்கதர சங்கிதை என்னும் ஆயுர்வேத நூல். போத்தலில் காலாவதித் தேதி அச்சிடும் இன்றைய வழக்கத்தோடு இது அவ்வளவாக ஒத்துப்போகாது.