எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை? மிஸ்ஃபயரைத் தேடிய நூறு வருடக் கதை

1925 ஏப்ரலில் ஃபோர்ட் கம்பனி தன்னுடைய மொடல் ரீ காரின் பின்பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டியைப் பொருத்தி 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு முதலும் ஆக்கள் காரின் பின்பக்கத்தை வெட்டி, பலகை அடித்து, சாமான் ஏற்றித் திரிந்தார்கள்தான். ஆனால் ஃபோர்ட் தொழிற்சாலையிலிருந்து பிக்கப்பாகவே வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. இன்றைக்குக் கூரை வேலைக்கும் பனி தள்ளுவதற்கும் எங்கள் தெருக்களில் நிற்கிற பிக்கப்புகளுக்கு அது பாட்டன் முறை.

அந்தப் பாட்டனுக்கும் இன்றைய பிக்கப்புக்கும் பொதுவான ஒரு வருத்தம் உண்டு. அப்பாமார் அதை "எஞ்சின் மிஸ் பண்ணுது" என்று சொல்வார்கள். மிஸ்ஃபயர் என்றால் என்ன? சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து, அழுத்தப்பட்டு நிற்கும். சரியான நேரத்தில் பிளக்கில் பொறி விழுந்தால் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். எரியாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாத ஒரு ஆளைப் போல. மற்றவர்கள் அவனையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். வண்டி குலுங்கும், இழுக்காது.

எட்டுச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால் அதற்குள் ஒரு செக்கனுக்கு 200 தடவை எரிதல் நடக்கிறது. அந்த 200இல் எது தவறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் சொல்ல வந்த வரலாறு இந்தக் கேள்விக்கு ஆக்கள் கண்ட விடைகளின் வரலாறுதான்.

மொடல் ரீ ஓட்டியவர்களின் விடை மிக அழகானது. அந்தக் காரில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு கொயில்கள் இருந்தன. அவை மரப்பெட்டிகளுக்குள், ஓட்டுநரின் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு தகடு அதிர்ந்து வண்டு போல இரையும். எஞ்சின் மிஸ் பண்ணினால் ஓடவிட்டபடியே ஒவ்வொரு தகடாக விரலால் அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்தினால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகாது. நல்ல சிலிண்டரை அழுத்தினால் எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறும். கெட்டுப்போனதை அழுத்தினால் எந்த மாற்றமும் தெரியாது. ஏனென்றால் அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை! மென்பொருளில் பிழை தேடும்போது நான் இன்றைக்கும் செய்வது இதைத்தான்: ஒவ்வொரு பகுதியாக நிறுத்து, எதை நிறுத்தினால் ஒன்றும் மாறவில்லை என்று பார். விரலும் காதும் போதும்.

இதற்கிடையில் சார்ள்ஸ் கெற்றறிங் என்ற பொறியியலாளர் வேறொரு வழியைக் கொண்டுவந்திருந்தார். ஒரே கொயில், ஒரு பற்றரி, திறந்து மூடும் ஒரு தொடுமுனை, பொறியை எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடும் ஒரு டிஸ்றிபியூற்றர். 1910 கடிலாக்கில் வந்த இந்த முறையே அடுத்த அறுபது வருடங்களுக்கு மேல் உலகத்தை ஓட்டியது. பிழை தேடுவதும் மாறியது. கொயிலை அழுத்துவதற்குப் பதிலாகப் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தர்க்கம் அதேதான். (இப்போதைய வண்டியில் இதைச் செய்யாதீர்கள். வோல்ற் கூட, உயிருக்கே ஆபத்தாகலாம். எரியாத பெற்றோல் செய்யும் சேதத்தைக் கீழே சொல்கிறேன்.) பிறகு கராஜ்களுக்கு அலைகாட்டி வந்தது. பொறியின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகப் பார்க்க முடிந்தது.

ஆனால் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பலரிடம் காதுதான் அலைகாட்டி. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாமல் தடை இருந்தபோது எங்கள் ஆக்கள் பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கொஞ்சப் பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். மண்ணெண்ணெய் அந்த எஞ்சின்களுக்கான எரிபொருள் இல்லை. பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் தட்டும், மிஸ் பண்ணும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுவது அன்றாட வேலை. அப்படிப் பழகிய ஒரு மாமா எனக்கு இருக்கிறார். அவரிடம் பிறகு வருவோம்.

அடுத்த திருப்பம் எஞ்சினிலிருந்து வரவில்லை, புகையிலிருந்து வந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் மூடியபோது அதை ஆராய்ந்தவர் ஹாகன்-ஸ்மிற் என்ற வேதியியலாளர். அன்னாசிப் பழத்தின் மணத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர் அவர்! கார்ப் புகையில் வரும் எரியாத எரிபொருளும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன என்று காட்டினார். 1967இல் உருவான கலிபோர்னியக் காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1975 மொடல் கார்களிலிருந்து புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றர் அமெரிக்காவில் பரவலாக வந்தது. மிஸ்ஃபயர் இதற்குப் பெரிய எதிரி. சிலிண்டரில் எரியாத பெற்றோல் கொன்வேற்றருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும்.

ஆகவே, மிஸ்ஃபயரை வண்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. ஓபிடி இரண்டு என்ற அந்த விதி அமெரிக்காவில் 1996 மொடலிலிருந்தும் கனடாவில் 1998 மொடலிலிருந்தும் கட்டாயமானது. அது வேலை செய்யும் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் தண்டு ஒரு சிறு தள்ளு வாங்கி வேகம் கூடும். எரியாவிட்டால் அந்த இடத்தில் மிகச் சிறிதளவு வேகம் குறையும். கிராங்க் சென்சர் அதை அளக்கும், கொம்பியூட்டர் எண்ணும். 200 சுற்றுக்குள் கொன்வேற்றரைக் கெடுக்கும் அளவு தவறினால் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னும். பி 0304 என்றால் நான்காம் சிலிண்டர். பி 0300 என்றால் ஒன்றில் மட்டும் இல்லை, அங்கும் இங்கும். என்னைக் கேட்டால், மொடல் ரீ ஓட்டுநரின் விரலும் காதும் ஒரு சென்சருக்குள் போய்விட்டன.

இப்போது மாமா. அவர் பெயின்ற் வேலைக்குப் போவது 1998 மொடல் பிக்கப் ஒன்றில். எட்டுச் சிலிண்டர், டிஸ்றிபியூற்றர் உள்ள கடைசித் தலைமுறை. சும்மா நிற்கும்போது எஞ்சின் வழுவழுப்பாக ஓடும். ஏணியும் வாளிகளும் ஏற்றி 401இல் ஏறுவதற்கு அக்சிலேற்றரை மிதித்தால் குலுங்கும், விளக்கு மின்னும். ஒரு கராஜில் எஞ்சினை மாற்று என்றார்கள். அந்தக் காசு அவரிடம் இல்லை. வண்டி இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

"தம்பி, உன்ர பெட்டியைக் கொண்டு வா" என்றார். பெட்டி என்றால் கோட் வாசிக்கும் கருவி.

மிதிக்கும்போது மட்டும் வருகிறது என்பதே பெரிய துப்பு. த்ரொட்டில் திறந்தால் சிலிண்டருக்குள் கூடுதல் காற்று வரும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பொறி பாய்வதற்குக் கூடுதல் வோல்ற் வேண்டும். பாஷன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1889இல் எழுதிய விதி இதைத்தான் சொல்கிறது. வயரின் காப்புறையில் சிறு வெடிப்பு இருந்தால், அழுத்தம் குறைவாக இருக்கும்போது மின்சாரம் ஒழுங்காகப் பிளக்குக்குப் போகும். அழுத்தம் கூடினால் சுலபமான வழியைத் தேடி வெடிப்பால் வெளியே பாய்ந்துவிடும். இன்னொரு சந்தேகம் பெற்றோல் பம்ப். மிதிக்கும்போது கேட்கிற அளவு எரிபொருள் வராவிட்டாலும் இதே குலுக்கம்தான்.

கோட் பி 0304. எண்ணிக்கை நான்காம் சிலிண்டரில் மட்டும் ஏறியது. பம்ப் பலவீனமென்றால் எட்டும் சேர்ந்து வாட வேண்டும், ஆகவே அதைத் தள்ளிவைத்தோம். நான்காவது பிளக்கைக் கழற்றி இரண்டாவதில் போட்டோம், இரண்டாவதை நான்கில். ஓட்டிப் பார்த்தால் பிழை நான்கிலேயே நின்றது. அப்படியென்றால் பிளக் குற்றவாளி இல்லை. மிச்சம் வயர், டிஸ்றிபியூற்றர் மூடி, இன்ஜெக்டர், அல்லது சிலிண்டரின் உள்ளே ஏதாவது. உள்ளே பெரிய தேய்மானமென்றால் சும்மா நிற்கும்போதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

மாமா இருட்டும்வரை பொறுக்கச் சொன்னார். பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலை எடுத்து, ஓடுகிற எஞ்சினின் வயர்கள் மேல் தூரத்தில் நின்று புகார் போல விசிறினார். கையை வைக்கவில்லை. நான்காவது வயர் எக்ஸ்ஹோஸ்ற் குழாய்க்குப் பக்கத்தால் போகும் இடத்தில் நீல நிறத்தில் ஒரு கோடு துள்ளியது. ரப்பர் சூட்டில் வெந்து வெடித்திருந்தது. இது யாழ்ப்பாணத்துப் பாடம், என்னுடைய பெட்டி காட்டியது நான்கு என்ற எண்ணை மட்டும்தான்.

புது வயர் தொகுதி, பிளக்குகள், டிஸ்றிபியூற்றர் மூடி. அடுத்த நாள் 401இல் எண்ணிக்கை பூச்சியம். எஞ்சின் அதேதான்.

அந்தப் பெட்டியை நான் வாங்கி வைத்திருக்க முடிந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1990இல் அமெரிக்கச் சுத்தமான காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, புகைக் கட்டுப்பாடு சம்பந்தமான திருத்தத் தகவலைக் கம்பனிகள் வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2012இல் மசாச்சூசெற்ஸ் மக்கள் வாக்களித்து அந்த உரிமையை விரிவாக்கினார்கள். 2020இல், வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவலுக்கும் அது வேண்டும் என்று மறுபடி வாக்களித்தார்கள். கனடாவில் 2024 நவம்பரில், பழுது பார்ப்பதற்காக மென்பொருள் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைக் குற்றமாகாது என்று சட்டம் திருத்தப்பட்டது.

உங்கள் வீட்டு வாகனத்தின் ஸ்ரியறிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். 16 ஊசித் துளைகள் உள்ள ஒரு செருகி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.