பெரைமோரும் பல்கேரியாக் கிழவர்களும்

போன ஐப்பசியில வாழைக்கு மண் அணைச்சுட்டு இருக்கறப்ப மண்வெட்டி நழுவி இடது கால்ல வெட்டிருச்சு. மஞ்சளை அப்பிட்டு ரெண்டு நாள் சும்மா இருந்தது என்னோட தப்பு. சீழ் புடிச்சு, ஆஸ்பத்திரிக்குப் போயி, பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. கால் ஆறிருச்சு, வயிறு கெட்டுருச்சு. ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏழு தடவைன்னு காட்டுக்கும் வீட்டுக்கும் நடையா நடந்தேன். டாக்டர், "தயிர், மோரு நல்லா சேத்துக்கங்க, சரியாயிரும்"னார். பையன் அடுத்த ஞாயித்துக்கெழமை வரும்போது 'புரோபயாடிக்'னு அச்சடிச்ச சின்னச் சின்ன தயிர் கப் ஆறு வாங்கிட்டு வந்தான்.

நாலு கறவை கட்டியிருக்கற வீட்டுக்கு டவுன்ல இருந்து தயிர் வருது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாத்துட்டு சிரிச்சுட்டே போனார். ஆனா உண்மை அதுதான். எங்க வீட்ல தயிர் தோய்க்கறத விட்டு ஒம்பது வருசம் ஆச்சு. காலையும் சாயங்காலமும் பாலு மொத்தமும் சொசைட்டிக்குப் போயிரும். காப்பிக்கு ஒரு சொம்பு நிக்கும். சோத்துக்குப் பாக்கெட் தயிர்.

எங்க ஆத்தா (அப்பாவைப் பெத்தவங்க) இருந்தவரைக்கும் அப்படி இல்ல. தயிர் தோய்க்க ஊத்தற பழைய மோரை உங்க பக்கம் உறைன்னு சொல்லுவீங்க, எங்க பக்கம் பெரை. அந்தப் பெரை எங்க வீட்ல எத்தனை வருசமா இருந்துச்சுன்னு ஆத்தாவுக்கே தெரியாது; அவங்க கட்டிட்டு வந்தப்பவே இருந்துச்சாம். தினமும் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலுக்கு ஊத்தணும். ஒரு நாள் விட்டாலும் அறுந்துரும். ஆத்தா இறந்து கருமாதி முடியறவரைக்கும் அடுப்பு ஒழுங்கா எரியல. பதினேழாம் நாள் என் சம்சாரம் சட்டியத் தொறந்து பாத்தா பச்சையா பூஞ்சணம். தூக்கி ஊத்திட்டோம்.

வயிறு இப்படி ஆனதுக்கப்புறம்தான் மாட்டு நெனப்பு வந்துச்சு. கறவைக்கு மடிநோய் வந்தா காம்புல ஆன்டிபயாட்டிக் ட்யூப் ஏத்துவோமில்ல? டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊத்தக் கூடாது. ஏமாத்தி ஊத்தினாலும் அந்தப் பால்ல தயிர் சரியா உறையாது. பெரை ஊத்தி விடிய விடிய வெச்சாலும் தண்ணியாவே நிக்கும். பால்ல இருக்கற மருந்து பெரையில இருக்கற நுண்ணுயிரையும் சேத்துக் கொன்னுபோடும். அதே வேலையத்தான் நான் முழுங்கின மாத்திரை என் குடல்ல செஞ்சிருக்கு. அப்படின்னா பெரைங்கறது உயிருள்ள ஒண்ணுன்னு மனுசன் எப்பக் கண்டுபிடிச்சான்? படுத்திருந்த நாள்ல இதைத் தேடித் தேடிப் படிச்சேன்.

நம்ம ஆளுங்களுக்கு அது உயிர்னு தெரியாது, ஆனா அதோட குணம் தெரியும். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில ஒரு ஆயர் பொம்பளை வர்றா. விடியக்காலம் எந்திரிச்சு, மத்து புலி உறுமற மாதிரி சத்தம் போட, காளான் மொட்டு மாதிரி கட்டி கட்டியா உறைஞ்ச தயிரைக் கடையறா. மோரை வித்துத் தானியம் வாங்கி வீட்டாளுகளுக்குச் சோறு போடறா. நெய்க்குப் பொன்னு குடுத்தா வேண்டாம்ங்கறா. எருமையும் பசுவும் கன்னுமா வாங்கிக்கறா. பால் யாவாரத்துக்கு இதைவிடப் பழைய கணக்கு நம்மகிட்ட இருக்கான்னு தெரியல. அதுல 'உறை'ங்கற சொல்லும் அப்படியே இருக்கு.

சிலப்பதிகாரத்துல இன்னொண்ணு. மதுரையில கோவலனுக்குக் கேடு வர்ற நாள் காலையில, கண்ணகிக்கு அடைக்கலம் குடுத்த மாதரி பாக்கறா: குடத்துல பால் உறையல. வெண்ணெய் உருகல, எருதோட கண்ணுல தண்ணி. என்னமோ நடக்கப்போகுதுன்னு பயந்து குரவைக் கூத்து ஆடறாங்க. பால் உறையாத வீட்டை ஒரு கெட்ட சகுனமா நெனச்சிருக்காங்க. இன்னைக்கு உறையலைன்னா மாட்டுக்கு யாரோ ஊசி போட்டிருக்காங்கன்னு அர்த்தம். எங்க ஆத்தாவும் விளக்கு வெச்சதுக்கப்புறம் பெரை கேட்டு யார் வந்தாலும் தரமாட்டாங்க. பகல்ல ஊருக்கே குடுப்பாங்க.

இது உயிருன்னு கண்ணால பாத்தது பல்கேரியாக்காரர் ஒருத்தர். பேரு ஸ்டாமன் கிரிகோரோவ். ஸ்டுடென் இஸ்வோர்ங்கற சின்ன மலைக்கிராமத்துல 1878-ல பொறந்தவர். சுவிட்சர்லாந்துல ஜெனீவாவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். ஊர்ல இருந்து ஒரு மண் சட்டியில வீட்டுத் தயிர் வந்துச்சுன்னு ஒரு கதை சொல்றாங்க. அந்தத் தயிரை எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சு வெச்சுப் பாத்து, 1905-ல குச்சி மாதிரி இருக்கற ஒரு பாக்டீரியாவைப் பிரிச்சுக் காட்டினார். அப்ப அவருக்கு இருபத்தேழு வயசு. இன்னைக்கு உலகம் பூரா யோகர்ட்டுன்னு விக்கறதுல ரெண்டு பாக்டீரியா கட்டாயம். அதுல ஒண்ணு பல்கேரியா பேரையே வெச்சிருக்கற இதுதான். அவரோட கிராமத்துல இப்ப தயிருக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு. ஒரு விவசாயக் குடும்பத்துச் சட்டியில இருந்து வந்த அறிவியல்னு நெனச்சா எனக்குச் சந்தோசம்தான்.

அதுக்கு ஒரு வருசம் முந்தி, 1904 ஜூன் மாசம், பாரீஸ்ல மெச்னிகோவ்னு ஒரு பெரிய விஞ்ஞானி முதுமையைப் பத்தி ஒரு சொற்பொழிவு பண்ணினார். பாஸ்டர் நிறுவனத்துக்காரர்; 1908-ல நோபல் பரிசு வாங்கினவர். பெருங்குடல்ல இருக்கற கிருமிக செய்யற அழுகல்தான் மனுசனை விஷமேத்திக் கிழவனாக்குது, புளிச்ச பால்ல இருக்கற கிருமிக அந்த அழுகலைத் தடுக்கும்ங்கறது அவர் கட்சி. அதுக்குச் சாட்சி பல்கேரியா கிராமத்து ஆளுக: தினமும் புளிச்ச பாலு, நெறைய பேருக்கு நூறு வயசு. இதுல எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்க ஊர்லயும் தொண்ணூத்தஞ்சு நூறுன்னு சொல்ற தாத்தாக்க இருக்காங்க. பொறந்த தேதி எழுதி வெக்காத ஊர்ல வயசு கொஞ்சம் தாராளமாத்தான் வளரும்.

ஆனா பேச்சு பத்திக்கிச்சு. மருந்துக்கடையில புளிச்ச பால் மாத்திரை விக்க ஆரம்பிச்சுட்டாங்க. மெச்னிகோவ் தானும் தினமும் குடிச்சார். 1916-ல எழுபத்தோரு வயசுல இதய நோய்ல இறந்தார். 1919-ல பார்சிலோனாவுல ஐசக் கராசோங்கறவர், வயித்துக் கோளாறுல கெடந்த குழந்தைகளைப் பாத்துட்டு, பாஸ்டர் நிறுவனத்துக் கிருமியை வெச்சு தயிர் பண்ணி மருந்துக்கடை வழியா வித்தார். மகன் டேனியல் பேரை ஒட்டி டனோன்னு பேரு வெச்சார். இன்னைக்கு அது உலகத்துப் பெரிய கம்பெனிகள்ல ஒண்ணு. ஆக, தயிரை மருந்துன்னு சொல்லி விக்கறது புதுசு இல்ல. நூறு வருசம் தாண்டிருச்சு.

இடையில அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ரெட்கர்ங்கறவர் சோதிச்சுப் பாத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அந்தப் பல்கேரியா பாக்டீரியா மனுசக் குடல்ல குடியேறாதாம். சாப்பிடறவரைக்கும் இருக்கும், நிறுத்தினா போயிரும். 1930-ல ஜப்பான்ல மினோரு ஷிரோட்டாங்கற டாக்டர், இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டி உயிரோட குடலுக்குப் போய்ச் சேர்ற ஒரு வகையைத் தேடிப் புடிச்சார். அதுதான் 1935-ல யாகுல்ட்டுன்னு பாட்டில்ல வந்தது.

புரோபயாடிக்குங்கற வார்த்தைக்கு 2001-ல ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேந்து ஒரு விளக்கம் எழுதினாங்க. போதுமான அளவு எடுத்தா உடம்புக்கு நன்மை செய்யற, உயிரோட இருக்கற நுண்ணுயிர். அதை இன்ன வகைன்னு பேர் சொல்லி, சோதிச்சு நிரூபிச்சிருக்கணும். அந்தக் கணக்குல எங்க ஆத்தா சட்டித் தயிர் புரோபயாடிக் இல்ல. அதுல உயிருள்ள நுண்ணுயிர் கோடிக்கணக்குல இருக்கு, ஆனா என்னென்ன இருக்குன்னு யாரும் எண்ணல. வீட்டுக்கு வீடு, மழைக்கும் வெயிலுக்கும் அது மாறும். யோகர்ட் நாப்பது டிகிரிக்கு மேல சூட்டுல உறையறது. நம்ம தயிர் சும்மா அறைச் சூட்டுல உறையறது, அதுல வேற கூட்டம் இருக்கு. வீட்டுத் தயிர் எல்லா நோயும் தீக்கும்னு போன்ல வர்ற வீடியோவை அதனால நான் நம்பறதில்ல. ஆனா ஒண்ணு நிச்சயம்: உயிருள்ள தயிர், பால்ல இருக்கற லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க ஒத்தாசை பண்ணும். பால் குடிச்சா வயிறு உப்பறவங்க பலபேர் தயிர் தாராளமா சாப்பிடறது அதனாலதான்.

சரி, எங்க ஊருல தயிர் எப்படிக் காணாமப் போச்சு? 1970-ல வெண்மைப் புரட்சித் திட்டம் ஆரம்பிச்சுது. குஜராத் ஆனந்த்ல நடந்த மாதிரி ஊர் ஊருக்குக் கூட்டுறவு சொசைட்டி வந்துச்சு. அதுக்கு முந்தி எங்க ஊர்ல பாலு வெறும் பாலா விக்காது. வாங்க ஆள் கெடையாது, வெச்சிருந்தா கெட்டுப் போகும். அதனால தோய்ச்சு, கடைஞ்சு, வெண்ணெயை உருக்கி, நெய்யாத்தான் சந்தைக்குப் போகும். மோரு மிச்சம். அதைக் கூலியாளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சும்மா ஊத்துவாங்க. சொசைட்டி வந்ததும் பாலுக்கே வாராவாரம் காசு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் தங்கச்சி கல்யாணமும் பையன் படிப்பும் அந்தக் காசுலதான் நடந்துச்சு. ஆனா மத்து பரணுக்குப் போச்சு. மோரு வாங்க வந்தவங்க வர்றதை விட்டாங்க.

மறுபடி தோய்க்கணும்னு முடிவு பண்ணினதும் மொதல்ல காம்போட ரெண்டு பச்சை மிளகாயை வெதுவெதுப்பான பால்ல போட்டு வெச்சோம். உறைஞ்சது, ஆனா வழவழன்னு கோந்து மாதிரி. என் சம்சாரம் மூக்கைச் சுருக்கிட்டு, கிழக்கால வளவு அக்கா வீட்டுக்குச் சொம்போட போனா.

அந்த அக்கா வீட்ல ஒத்தை எருமைதான். சொசைட்டிக்கு ஊத்தற அளவு கெடையாது, அதனால தோய்க்கறதை விடவே இல்ல. "இது எங்க பெரை இல்லீங்க, உங்க ஆத்தா குடுத்தது. நான் கட்டிட்டு வந்த புதுசுல எங்க மாமியா அனுப்பி வாங்கிட்டு வந்தேன்"னாங்களாம். முப்பது வருசத்துல அது எத்தனையோ மாறியிருக்கும், மைக்ராஸ்கோப்புல வெச்சா ஆத்தா பெரையா இருக்காதுன்னு படிச்ச புத்தி சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும்.

இப்ப தினமும் ஒரு படி பாலு வீட்டுக்கு நிக்குது. காய்ச்சி, வெரல் விட்டா சூடு தாங்கற பதத்துக்கு ஆறவெச்சு, அரை லிட்டருக்கு ஒரு சின்னக் கரண்டி பெரை கலக்கி, சட்டியை அசைக்காம வெச்சிடறோம். சித்திரையில அஞ்சாறு மணி நேரம் போதும். மார்கழியில சாக்கு சுத்தி அடுப்பு ஓரத்துல வெச்சாலும் பத்துப் பன்னெண்டு மணி ஆகுது. உயிரோட வேணும்னா கொதிக்க வெக்கக் கூடாது, மோர்க்குழம்பு வெச்சா ருசிதான் மிச்சம். என் வயிறு ரெண்டு மூணு வாரத்துல சரியாச்சு. தயிராலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், மாத்திரை நின்னா தானாவும் சரியாகும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒரு சின்னச் சொம்பு பெரையைத் தங்கச்சி வீட்டுக்கும் குடுத்தனுப்பறோம். எங்க வீட்ல அறுந்தா அங்க இருக்கும்.