தூசில் எழுந்த தனியலை

1980 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம் சனிக் கோளை நெருங்கியபோது அனுப்பிய படங்களில், வளையங்களின் குறுக்கே சக்கரத்தின் ஆரக்கால்களைப் போன்ற கருங்கோடுகள் தென்பட்டன. ஈர்ப்பு விசையை மட்டும் கொண்டு அவற்றுக்கு விளக்கம் தர இயலவில்லை. நுண்தூசு மின்னூட்டம் பெற்று வளையத்தின் தளத்திலிருந்து மேலெழுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. தூசுப் பிளாஸ்மா என்னும் ஆய்வுத்துறையின்பால் அறிவியலாளரின் கவனத்தை ஈர்த்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

வாயுவின் அணுக்கள் எலெக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிந்து கிடக்கும் நிலையே பிளாஸ்மா. மின்னலிலும் குழல்விளக்கிலும் உள்ளது அதுவே. அதனுள் மைக்ரான் அளவுள்ள தூசு புகுந்தால், அயனிகளைக் காட்டிலும் மிக விரைந்தோடும் எலெக்ட்ரான்கள் முந்திவந்து அதன்மீது ஒட்டிக்கொள்கின்றன. இவ்வாறு ஒரு துகள் ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களின் மின்னூட்டத்தைச் சுமக்க நேர்கிறது. அதன் எடையோ ஓர் அயனியின் எடையைப் போல் பல கோடி மடங்கு. இத்தகைய தூசு தனக்கென ஓர் ஒலியலையைத் தோற்றுவிக்கும் என்று ராவ், சுக்லா, யூ ஆகிய மூவரும் 1990இல் கணித வழியே காட்டினர். எலெக்ட்ரான், அயனி ஆகியவற்றின் அழுத்தம் அலையை உந்த, தூசின் நிறை அதைத் தாமதப்படுத்தும். 1995இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பார்க்கன், மெர்லினோ, டி'ஆஞ்ஜெலோ ஆகியோர் அவ்வலையைச் சோதனையில் கண்டனர். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே 0.6 சென்டிமீட்டர். மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில், கண்ணுக்குத் தெரியுமாறு ஊர்ந்து செல்லும் பிளாஸ்மா அலை அது.

அலை சிறிதாயின் கணக்கு எளிது. வீச்சு பெருகும்போது உயர்ந்த பகுதி விரைந்தோடி அலையைச் செங்குத்தாக்க முயல்கிறது. ஊடகத்தின் இயல்போ அலையைப் பரப்பிக் கலைக்கப் பார்க்கிறது. இவ்விரண்டும் சமநிலை எய்தும்போது, உருக்குலையாத ஒற்றை மேடாக அலை பயணம் செய்யும். 1834இல் எடின்பரோவுக்கு அருகே ஒரு கால்வாயில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரைமீதமர்ந்து பின்தொடர்ந்த தனியலை இத்தகையதே.

தூசுப் பிளாஸ்மாவில் இத்தனியலைகளை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் வங்கதேசத்துப் பேராசிரியர் ஏ. ஏ. மாமூன் குறிப்பிடத்தக்கவர். 1995இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் கெய்ர்ன்ஸ் முதலானோருடன் அவர் எழுதிய கட்டுரை, ஃப்ரேயா செயற்கைக்கோள் கண்ட ஒரு புதிரிலிருந்து தொடங்கியது. வழக்கமான கோட்பாட்டின்படி தனியலையில் அடர்த்தி கூட வேண்டும். விண்கலமோ அடர்த்தி குன்றிய தனியலைகளையும் கண்டது. எலெக்ட்ரான்களுள் ஒரு பகுதி வெப்பச் சமநிலைக்கு மாறாக மிகு வேகம் கொண்டிருந்தால் இது இயலும் என்று அவர்கள் காட்டினர்.

அதே சிந்தனையை மாமூன் 1996இல் கெய்ர்ன்ஸ், சுக்லா ஆகியோருடன் தூசின் களத்துக்குக் கொண்டுவந்தார். எலெக்ட்ரான்களைத் தூசே பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்ட பிளாஸ்மாவில், தூசு நெருங்கித் திரளும் எதிர் மின்னழுத்தத் தனியலைகள் மட்டுமே தோன்றும் என்பது முதல் முடிவு. அயனிகளுள் அதிவேகத்தவை கலந்திருப்பின் எதிர், நேர் ஆகிய இருவகையும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பது அடுத்தது. ஆகவே அலையின் வடிவத்தைக் கொண்டே அயனிகளின் நிலையை ஊகிக்க வழி பிறந்தது. எனக்கு இதுவே அவ்வாய்வின் சிறந்த பகுதியாகப் படுகிறது.

மாமூன் பணியாற்றிய ஜஹாங்கீர்நகர் பல்கலைக்கழகம் டாக்காவின் முகலாயர் காலப் பெயரைத் தாங்கி, நகருக்கு வெளியே சாவாரில் அமைந்தது. 1970இல் நிறுவப்பட்டபோது அதன் பெயரில் 'முஸ்லிம்' என்ற சொல்லும் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் பிறந்து ஜெர்மனியின் போகும் நகரில் வாழ்நாளெல்லாம் உழைத்த பத்மகாந்த் சுக்லா (மறைவு 2013) அவருடைய நெடுநாள் ஆய்வுத் துணைவர். இருவரும் 2002இல் வெளியிட்ட தூசுப் பிளாஸ்மா இயற்பியல் அறிமுக நூல் இத்துறை மாணவர்க்குப் பாடநூலாயிற்று.

நம் ஏடுகள் இப்னுல் ஹைஸமையும் அல்பிரூனியையும் சலிப்பின்றி நினைவுகூர்கின்றன. நம் காலத்து முஸ்லிம் இயற்பியலாளர் என்ன எழுதினார் என்று கேட்பதோ அரிது. இவர்களை அவர்களோடு நிறுத்துப் பார்ப்பது என் நோக்கமன்று. எனினும் கருத்தைச் சோதனையின் முன் நிறுத்துவதே இப்னுல் ஹைஸமின் நெறி. இத்துறையில் ஓர் அனுமானத்தை மட்டும் மாற்றிச் சமன்பாட்டை மீண்டும் வருவிக்கும் கட்டுரைகள் பெருகிவிட்டன. காகிதமும் பொறுமையும் போதும் என்பதே, ஆய்வுக்கூட வசதி குன்றிய நாடுகளுக்கு இத்துறை தந்த வாய்ப்பு. அதன் குறையும் அதுவே.

தூசுத் தனியலைக்கான சோதனை 2008இல் குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. பந்தோபாத்யாய், பிரசாத், சென், கௌ ஆகியோர் ஆர்கான் பிளாஸ்மாவில் கயோலின் எனும் வெண்களிமண் தூளைத் தூவி, மின்னழுத்தத் துடிப்பால் தனியலையை எழுப்பினர். துடிப்பை வலுப்படுத்த வலுப்படுத்த அலை விரைந்தது, அகலம் குறுகியது. வீச்சை அகலத்தின் இருபடியால் பெருக்கிய தொகையோ, கோட்பாடு சொன்னவாறே, ஏறக்குறைய மாறாதிருந்தது.